நான் 'சரி' அழுத்தினேன், எல்லையில் ரிக் வண்டி நின்றது

இணையம் முழுவதும் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் அந்த நீல எழுத்துப் படத்துக்குள்தான் குடியிருக்கிறது என்று பதினோரு வருடம் நம்பியவன் நான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு மாலை போட்டு, கம்ப்ரசருக்குப் பொட்டு வைத்து, கடைசியில் என் கம்ப்யூட்டருக்கு வருவேன். திரையின் இடது ஓரத்தில் அந்த நீல எழுத்து எங்கே தெரிகிறதோ, சரியாக அதன் பக்கத்துச் சட்டத்தில்தான் சந்தனம் வைப்பேன். மற்ற இடத்தில் வைத்தால் பலன் குறையும் என்று ஓர் எண்ணம்.

திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸ்களில் புதிதாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, கழுத்து எலும்பு தேய்ந்து ஐம்பத்து மூன்று வயதில் வேலையை விட்டு வந்தவன் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பர்மிட் எடுப்பது எப்படி, இன்சூரன்ஸ் புதுப்பிப்பது எப்படி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. பயந்துபோன மனிதன் ஒரு மதிய நேரத்துக்குள் எத்தனை முட்டாள்தனம் செய்ய முடியும் என்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. அதைச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளிக்கு அப்போது நான்கு ரிக். அந்த வண்டிகள் வருடத்தில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தில்தான் கிடக்கும். நான் ஆபீஸில் உட்கார்ந்து அவற்றுக்கு வேண்டிய காகிதங்களை ஆன்லைனில் எடுத்து, போனில் அனுப்புவேன். என் திரையில் பதினான்கு படங்கள் இருந்தன. பர்மிட், இன்சூரன்ஸ், சுங்கச்சாவடி என்று ஒவ்வொன்றின் கீழும் பெயர். எல்லாம் நீல எழுத்துதான். அதை இரண்டு தரம் தட்டினால் அந்த வலைத்தளம் திறக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் செய்து வைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. அவர் பாஸ்வேர்டுகளையும் உள்ளேயே சேமித்து வைத்துவிட்டார். பக்கம் திறந்தாலே பெயர் இருக்கும், அதன் கீழே எட்டுக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். நான் பொத்தானை அழுத்துவேன், அவ்வளவுதான். பர்மிட் தளத்தின் பாஸ்வேர்டு என்ன என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், எட்டுப் புள்ளி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சர்வீஸுக்கு வந்த ஆள் எப்போதோ ஒரு புது பிரவுசரையும் மெஷினில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அது தினமும் காலையில் எட்டிப் பார்த்து, 'என்னை உங்கள் டீஃபால்ட் பிரவுசராக வைத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்கும். நான் 'பிறகு' என்பேன். இரண்டு மாதம் கேட்டது, இரண்டு மாதமும் 'பிறகு' என்றேன். அன்றைக்கு மோகனூரில் ஒரு விருந்து. கறிச்சோறு. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் கேட்டது. பாவம், எவ்வளவு நாளாகக் கேட்கிறது என்று மனது இளகிவிட்டது. 'சரி' என்று அழுத்தினேன்.

கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. என் பதினான்கு நீல எழுத்துகளும் ஒரே நேரத்தில் காணாமல் போயின. அந்த இடத்தில் பதினான்கு வண்ண உருண்டைகள் உட்கார்ந்திருந்தன. சேமித்து வைத்திருந்த பழைய பர்மிட் கோப்புகளின் முகமும் மாறிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே முகம் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சரியாக அந்த நேரம் சேகரின் போன் வந்தது.

சேகர் யார் என்று சொல்ல வேண்டும். ஆறு வருடம் ரிக்கில் டிரில்லராக நின்றவன். மண்ணும் தண்ணீரும் முகத்தில் அடிக்க ராடு மாட்டிக் கழற்றியவன். அந்த டிரிப்பில்தான் முதலாளி அவனை மேனேஜராக்கி அனுப்பியிருந்தார். வண்டிக்கு மேனேஜர் என்றால் ஆட்களும் அவன் பொறுப்பு, டீசலும் அவன் பொறுப்பு, எந்த ஊரில் எந்தத் தோட்டத்தில் போர் போடுவது என்று, வேலை பிடித்துக் கொடுக்கும் உள்ளூர் ஏஜெண்டிடம் பேசி முடிப்பதும் அவன் பொறுப்பு. மனைவிக்கு ஐந்து மாதம். ஊருக்குப் போகும்போது டிரில்லராகப் போகக்கூடாது, மேனேஜராகத்தான் போவேன் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பியவன்.

"ஏனுங்ண்ணா, செக்போஸ்டுக்கு வந்துட்டமுங்க. பர்மிட் போட்டு அனுப்புங்க. ஏஜெண்டு போன் பண்ணிட்டே இருக்கறாருங்க."

"என்ன அவசரம் சாமி?"

"பொழுது உழுவறதுக்குள்ள தோட்டத்துக்குப் போயிரோணுமாமா. இல்லீனா பக்கத்துல நிக்கிற வண்டியை உட்டுருவேங்கறாரு. அதுவும் நம்ம ஊரு வண்டிதானுங்க. இங்கிருந்து ரெண்டு மணி நேரம் போகோணும். நாலு மணிக்கு மேல ஒரு நிமிசம் இங்க நிக்க முடியாதுங்."

மணி இரண்டே கால். பர்மிட் எடுக்கப் பத்து நிமிடம். வண்டி எல்லையைத் தொட்ட பிறகுதான் பர்மிட் எடுப்பது எங்கள் வழக்கம். முன்னால் எடுத்தால் நாள் கணக்கு ஓடிவிடும். அதனால் சேகர் மீது இதில் ஒரு குறையும் கிடையாது.

"பத்தே நிமிசம்" என்று சொல்லிவிட்டு, 'பர்மிட்' என்று எழுதியிருந்த உருண்டையைத் தட்டினேன். தளம் திறந்தது. பெயர் இல்லை, புள்ளி இல்லை. வெள்ளைக் கட்டம் இரண்டும் காலியாக என்னைப் பார்த்தன.

இங்கேதான் தம்பிகளே, என் அறிவு வேலை செய்தது. பெயர் எனக்குத் தெரியும், வண்டியிலேயே எழுதியிருக்கிறது. அதை அடித்தேன். கீழ்க் கட்டத்தில் எட்டு முற்றுப்புள்ளி வைத்தேன்.

தவறான கடவுச்சொல் என்றது. எண்ணிக்கையில் பிசகிவிட்டேனோ என்று விரல் விட்டு எண்ணி, மறுபடியும் எட்டு வைத்தேன். இன்னொரு தரம் தவறாக அடித்தால் கணக்கு பூட்டப்படும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

அதற்குக் கீழேயே 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று ஒரு வரி இருந்தது. அழுத்தினால் முதலாளியின் போனுக்குச் செய்தி போகும். அவர் ஏன், என்ன என்று கேட்பார். நான் எதையோ அழுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டி வரும். ஆகவே அதை அழுத்தவில்லை. அந்த மதியம் முழுக்க நான் செய்த எல்லா முட்டாள்தனத்துக்கும் விதை இந்த ஒரு நினைப்புதான். அழுத்தியிருந்தால் இரண்டரை மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

மெஷினை அணைத்துப் போட்டேன். உருண்டைகள் அப்படியே வந்தன. வைரஸ் என்று முடிவு கட்டினேன். வைரஸ் வந்தால் முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. எழுந்துபோய்ச் சுவரில் இருந்த பெட்டியிலிருந்து, நெட் உள்ளே வரும் நீலக் கேபிளைப் பிடுங்கினேன். பிரிண்டருக்கும் தொற்றிவிடக்கூடாது என்று அதன் ஒயரையும் உருவினேன். பழைய கோப்புகள் இருந்த பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி, முதலாளி அறைக்குள் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அது மெஷினில் செருகியே இருக்கவில்லை, மேஜை டிராயரில் கிடந்தது. இருந்தாலும் ஒரு பாதுகாப்பு.

திரும்பி வந்து மெஷினை அலசினேன். புரோகிராம்கள் பட்டியலில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே போனதில், அதோ, என் நீல எழுத்து! உயிரோடு இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டினேன். பழைய பிரவுசர் திறந்தது. 'இணைப்பு இல்லை' என்றது.

கேபிளைப் பிடுங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பிடுங்கியவனும் நான்தான். அந்தக் கேபிள் என் மேஜை மீதே சுருண்டு கிடந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: உடம்பு இருக்கிறது, உயிர் போய்விட்டது. உள்ளே குடியிருந்த இணையத்தைப் புதியது வந்து குடித்துவிட்டது. பதினோரு வருடப் பாஸ்வேர்டு, நான்கு வண்டியின் ஆவணம், முதலாளியின் தொழில், எல்லாவற்றையும் ஒரு கறிச்சோற்று மயக்கத்தில் அழித்துவிட்டேன்.

மூன்றே காலுக்கு முதலாளியின் போன்.

"ஏம்ப்பா கொமரேசா, வண்டி ஏன் இன்னும் செக்போஸ்டுலயே நிக்குது? ஏஜெண்டு என்னையப் புடிச்சுக் காய்ச்சறான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். என் வாய் தானாகவே இப்படிச் சொன்னது:

"மொதலாளிங்க, சேகர் அனுப்புன எஃப்.சி. காப்பி சரியில்லீங்க. மங்கலா இருக்குது. சைட்டு ஏத்துக்க மாட்டேங்குது."

எஃப்.சி. என்பது வண்டியின் தகுதிச் சான்று. சேகர் அனுப்பிய படத்தில் வண்டியின் எண் மட்டுமல்ல, கீழே போட்டிருந்த கையெழுத்தின் மைகூடப் பளிச்சென்று தெரியும்.

"ஒரு காயிதத்தைப் படம் புடிச்சு அனுப்பத் தெரியலீன்னா இவன் எதுக்கு மேனேஜரு?" என்றார். போனை வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது வருத்தமல்ல, உண்மையைச் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் நேரம் கிடைத்ததே என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

டம்ளரைக் கீழே வைக்கும்போது வாசலில் கீழ்க்கடை அக்கா நின்றார். எங்கள் ஆபீஸுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எங்கள் நெட் பெட்டியிலிருந்துதான் ஜன்னல் வழியாக அவர் கடைக்கும் ஒரு ஒயர் போகிறது. மாதாமாதம் பாதிக் கட்டணம் அவருடையது. நான் மறந்திருந்த இன்னொரு விஷயம் இது.

"ஏனுங்க ஆபீசரே, நெட்டு போயி அரை மணி நேரமாச்சு. கடையில ஆறு பேரு நிக்கிறாங்க. நீங்க இங்க சாவகாசமாத் தண்ணி குடிக்கறீங்க?"

"அக்கா, எல்லாம் போச்சுங்க. வைரஸ் வந்து நெட்டையே தின்னுபோட்டுது."

அவர் திரையைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார். நீலக் கேபிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார், செத்த ஓணானைத் தூக்குவது மாதிரி.

"இதையும் அதுதான் புடுங்குச்சுங்களா?"

அவரே போய்ப் பெட்டியில் செருகினார். கீழே கடையிலிருந்து, "வந்துருச்சுக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கண்டெடுத்த நீல எழுத்தைத் திறந்து, பர்மிட் தளத்துக்குப் போனார். பெயர் இருந்தது. எட்டுப் புள்ளியும் இருந்தது.

"இத்தனை நேரமும் இது எங்கிங்க போயிருந்துச்சு?" என்றேன்.

"எங்கியும் போகுல. நீங்க வாசலை மாத்தி வெச்சுக்கிட்டீங்க. ஊடும் சாமானும் அப்படியேதான் இருக்குது. இந்தப் படத்தைத் தட்டுனா எந்த பிரவுசர் தொறக்கோணும்னு அது கேட்டிருக்குது, நீங்க சரின்னு சொல்லியிருக்கறீங்க. வேணாம்னா செட்டிங்ஸுல போயி பழையபடி மாத்திக்கலாம். அரை நிமிச வேலை."

அரை நிமிட வேலை. நான் பென்டிரைவைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

பர்மிட்டைப் பத்து நிமிடத்தில் எடுத்தோம். சேகரின் எஃப்.சி. படத்தைத் தளம் முதல் முயற்சியிலேயே வாங்கிக்கொண்டது. மூன்றே முக்காலுக்கு அவன் போனுக்கு அனுப்பினேன். நான்கு மணிக்குள் முடித்துவிட்டோம் என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

சேகர் கூப்பிட்டான்.

"அண்ணா, பர்மிட் வந்துருச்சுங்க. நான் டிரைவரண்ணங்கிட்டக் குடுத்துட்டனுங்க."

"கெளம்புங்க சாமி, கெளம்புங்க!"

"அவிய கெளம்புவாங்க. என்னைய எறங்கிக்கச் சொல்லிட்டாருங்க மொதலாளி. கணக்குச் சிட்டையை டிரைவரண்ணங்கிட்டக் குடுத்துட்டு பஸ் ஏறி ஊருக்கு வந்துருன்னு சொல்லிட்டாரு. பையை எடுத்துட்டு டீக்கடையில நிக்கறேன்." பிறகு, "அண்ணா, நான் அனுப்புன படம் அவ்வளவு மோசமாவா இருந்துச்சு? மூணு தரம் எடுத்துப் பாத்துத்தானுங்க அனுப்புனேன்" என்றான்.

நான் "இரு, இரு, கூப்புடறேன்" என்று போனை வைத்தேன்.

"மேல ஏறி வரும்போதே காதுல உழுந்துச்சு" என்றார் அக்கா. "அந்தப் பையன் மேல போட்டீங்கல்ல?"

"சாயந்தரம் நேர்ல பாத்துச் சொல்லிக்கலாம்னு இருக்கறனுங்க."

"சாயந்தரம் அவன் பஸ்ஸுல இருப்பான்."

"வாட்ஸப்புல ஒரு மெசேஜ்..."

"உங்க மொதலாளி மெசேஜ் பாக்கறவரா?"

பார்ப்பவரில்லை. நாளைக் காலையில் யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு. அதனால்தான் எனக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்திருந்தது என்பதை அக்கா கண்டுபிடித்துவிட்டார். கீழே ஆறு பேர் காத்திருக்க, அவர் கையைக் கட்டிக்கொண்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே முதலாளியைக் கூப்பிட்டேன்.

"மொதலாளிங்க, சேகர் அனுப்புன காயிதம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. நான்தான் கம்ப்யூட்டருல ஒண்ணை மாத்தி அழுத்திப்போட்டேன். பயத்துல அவன் மேல சொல்லிட்டனுங்க."

"கம்ப்யூட்டர் இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. அதுக்கு ஒண்ணுமே ஆகலீங்க."

"அப்ப நீதான் கெட்டுப்போயிட்ட" என்றார். வைத்துவிட்டார்.

என் வேலை போனதா இருக்கிறதா என்று தெரியாமல் இருபது நிமிடம் நின்றேன். அக்கா எப்போது இறங்கிப் போனார் என்று கவனிக்கவில்லை. பதினான்கு உருண்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை யாருக்கும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருந்த இடத்தில் இருந்தன. நான்கே காலுக்கு சேகர் கூப்பிட்டான்.

"வண்டி ஏறிட்டனுங்ண்ணா. மொதலாளியே போன் பண்ணி, கெளம்புன வண்டியை நிறுத்தி என்னைய ஏறுன்னுட்டாரு. என்னுங் ஆச்சு?"

சொன்னேன். எட்டு முற்றுப்புள்ளி வைத்ததையும் விடாமல் சொன்னேன், அவன் சிரித்தால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று. சிரிக்கவில்லை. "சரிங்ண்ணா, நேரமாச்சு" என்றான். இன்ஜின் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் மெஷினும் ஒரு நாள் முகம் மாறி நிற்கும். ஒன்றையும் பிடுங்காதீர்கள். கடைசியாக நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு அதை யாரிடம் சொல்ல உங்களுக்கு அதிகமாகப் பயமாக இருக்கிறதோ, அவருக்குத்தான் முதல் போன். அதை நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

மீதிக் கதையைச் சிலர் எனக்குச் சாதகமாகச் சொல்லித் திரிகிறார்கள். நானும் விருந்துகளில் அப்படித்தான் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நடந்தது இது. மெஷினில் ஒரே ஒரு அமைப்பு மாறியிருந்தது. ஒரு கோப்பும் அழியவில்லை, வைரஸ் எதுவும் வரவில்லை, கேபிளைப் பிடுங்கியது நான். வண்டி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஏஜெண்டு இன்னொரு ரிக்கை உள்ளே விட்டிருந்தார். சேகர் அந்த டிரிப் முழுக்க மேனேஜராகவே இருந்தான். மேனேஜராக அவனுடைய முதல் போர் மூன்று நாள் தள்ளி, வேறு ஊரில் ஓடியது. அவன் அனுப்பிய காகிதத்தில் ஒரு தவறும் இல்லை.